தகவல் தொடர்புத் துறையில் அன்னதானம்

மாதேஸ்வரன்மேல் ஆணை. இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. சந்தேகப்படுபவர்கள் மைசூருக்கு வந்து விசாரித்துக்கொள்ளலாம். பஸ் செலவு அவர்களுடையது.

எங்கள் மாடியில் குடியிருக்கும் கொத்தனார் ஆறுமுகசாமியும் எங்களைப் போல மாதேஸ்வரன் மலைப்பக்கத்துக் கௌதள்ளிக்காரர்தான். அவர் மகள் மோகனப்ரியா பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. தகவல் தொடர்பு படித்தாள். துறைத்தலைவி உமாதேவி மேடம் மாணவர்களின் நன்மைக்காக ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருந்தார். வேலை, பயிற்சி, கருத்தரங்கு எல்லாம் அதில்தான் வரும். ஆனால் ஒவ்வொரு அறிவிப்புக்கும் முன்னால் காலை வணக்கத்தோடு ஒரு ரோஜாவும் பின்னால் ஒரு தாமரையும் அனுப்புவது அவர் வழக்கம். பூ பாரம் தாங்காமல் ஒரு பையனின் போன் பாக்கெட்டைக் கிழித்துக்கொண்டு விழுந்ததை நானே பார்த்தேன். வகுப்பே குரூப்பை மியூட்டில் போட்டுவிட்டது.

ஒரு நாள் இரண்டு பூக்களுக்கு நடுவில் பெங்களூர் ரேடியோ ஒன்றில் சம்பளத்தோடு பயிற்சி என்று வந்தது. ஒரே இடம். குறைந்தது ஐந்து பேர் விண்ணப்பித்தால்தான் தேர்வு நடத்த வருவார்களாம். பார்த்தவள் மோகனப்ரியா மட்டும்.

கீழே இறங்கி வந்து என் கட்டிலில் உட்கார்ந்தாள். தாத்தா முறை வைத்து என்னை அப்பிச்சி என்றுதான் கூப்பிடுவாள்.

"நாளைக்கு மத்தியானத்தோட முடியுது அப்பிச்சி. இது அமையலைன்னா தையல் கம்பெனிக்குக் கிளம்புன்னு அப்பா சொல்லிட்டாரு. எல்லாரும் விண்ணப்பிங்கன்னு நானும் குரூப்ல போட்டேன். மேடம் மட்டும் எனக்கொரு தாமரை அனுப்பிச்சாங்க."

மலைத் திருவிழாக்களில் மைக் பிடித்தே தேய்ந்த ஆள் நான். மறுநாள் காலையில் ஒரு ஆட்டோவில் இரண்டு மைக்செட் குழாயைக் கட்டிப் பல்கலைக்கழகத்தைச் சுற்ற ஆரம்பித்தேன். பயிற்சி விவரம் முழுவதையும் சுத்தமாகச் சொன்னேன். ஆனால் ஆயுசெல்லாம் சொல்லிப் பழகிய வாய், முடிக்கும்போது தானாகவே "அனைவருக்கும் அன்னதானம் உண்டு" என்று முடித்துவிட்டது.

குரல் சாமுண்டி மலையில் மோதித் திரும்பியதில் குண்டலுபேட்டையில் பூப்பறித்துக்கொண்டிருந்தவர்கள் கூடையோடு பஸ் ஏறினார்கள். கோபிநத்தத்திலிருந்து ஒரு பரிசல்காரர் துடுப்போடு வந்தார். மாணவர்கள் காதில் இயர்போன் இருந்தது. பயிற்சி என்ற சொல் அதைத் தாண்டவில்லை. அன்னதானம் தாண்டியது.

துறை வாசலில் வரிசை நூலகம் வரைக்கும் நீண்டது. எதற்கு நிற்கிறாய் என்று கவின்ராஜ் என்ற மாணவனை உமாதேவி மேடமே கேட்டாராம்.

"கொத்தில்லா மேடம், தெரியலை. எல்லாரும் நிக்கறாங்க, நின்னுட்டேன்."

மேடம் விவரமானவர். கேன்டீனில் புளியோகரே, அதாவது நம் ஊர்ப் புளிசாதம், கிண்டச் சொன்னார். கையெழுத்துப் போட்டவர்களுக்குத்தான் இலை என்றும் சொல்லிவிட்டார். மொத்த வகுப்பும் விண்ணப்பித்தது. பூக்காரர்களும் பரிசல்காரரும்கூட விண்ணப்பித்தார்கள்.

மோகனப்ரியா ஆட்டோவை மறித்தாள். அழுதாளா, முறைத்தாளா, தெரியவில்லை.

"அஞ்சு பேரு போதும்னேன். ஊரையே கூட்டியாந்து எனக்குப் போட்டியா நிறுத்திட்டீங்களே."

அதற்குள் ரேடியோக்காரர்கள் வந்து இறங்கினார்கள். ஆளுக்கு ஒரு நிமிடம் மைக்கில் பேச வேண்டும், அவ்வளவுதான் தேர்வு. ஒருவர் பின் ஒருவராகக் கூப்பிட்டார்கள். புளியோகரேயில் கடலை தாராளம். வாயைத் திறந்தவர்களிடமிருந்து கடலைதான் வந்தது. பரிசல்காரருக்கு விக்கல். கவின்ராஜ் ஒரு நிமிடம் முழுக்க மென்றான். அதைத் தாளம் என்று பாராட்டினார்கள், எடுத்துக்கொள்ளவில்லை.

பயத்தில் பச்சைத்தண்ணிகூடக் குடிக்காமல் நின்றவள் ஒருத்திதான். அவள் பேசினாள். ஒரு நிமிடம் ஆகியும் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அந்த வாரமே பெட்டியோடு பெங்களூர் ரயிலேறினாள். ஆறுமுகசாமி ஸ்டேஷனில் ரயில் போன பிறகும் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எல்லாம் என் குரலால் நடந்தது என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். நான் மறுப்பதில்லை.

தொண்டையில் ஆபரேஷன் செய்து எனக்குக் குரலே இல்லாமல் போனது, இதெல்லாம் நடப்பதற்கு முந்தின வருடம்.