உறை போட்ட ஊசி

வெளியாள் ஏமாற்றினால் தெருவில் நின்று கத்தலாம். நாலு பேர் கூடுவார்கள், இரண்டு பேர் 'த்சு' கொட்டுவார்கள், நமக்கும் நெஞ்சு கொஞ்சம் ஆறும். தங்கை புருஷன் ஏமாற்றினால் என்ன செய்வது? அவர் வீட்டுக்கு வந்தால் காப்பி கொடுக்க வேண்டும். சர்க்கரை போதுமா என்று வேறு கேட்க வேண்டும். ஏமாற்றிய பிறகும் அவர் 'அவர்'தான், மாப்பிள்ளை ஆயிற்றே.

என் மாப்பிள்ளை கைவைத்தது பணத்தில் அல்ல. என் வலது முழங்காலில்.

நான் சட்டைத் துணி மொத்த வியாபாரி. எங்கள் தொழிலில் விற்பது தரைத்தளத்தில், வாங்குவது மாடியில். மில் ஏஜென்டுகள் யாரும் மூன்றாவது மாடிக்குக் கீழே ஆபீஸ் போடுவதில்லை. ஏறி வருகிறவனுக்கு மூச்சு வாங்கும், மூச்சு வாங்குகிறவன் பேரம் பேச மாட்டான் என்பது அவர்கள் கணக்கு. நான் அந்தப் படிகளில் மூச்சு வாங்காமல் ஏறிப் பேர் எடுத்தவன். வாங்குகிற இடத்தில்தான் லாபம். விற்கிற இடத்தில் வெறும் சிரிப்பு.

முட்டி தேய ஆரம்பித்ததும் அந்தப் பேருக்கு ஆபத்து வந்தது. ஒரு மாடி ஏறுவதற்குள் மூட்டுக்குள் யாரோ மணலை அரைப்பது போல் சத்தம் கேட்டது. மகன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அப்பா, நீங்க கல்லாவுல உக்காருங்க. மாடிக்கு நான் போறேன். நீங்க கீழ இருந்தா கஸ்டமருக்கு ஒரு மரியாதையா இருக்கும்."

"மரியாதைக்கு பொம்மை போதும்டா. அதுக்குத்தான் வாசல்ல ஒண்ணுக்கு சட்டை மாட்டி நிக்க வெச்சிருக்கோமே."

மகனுக்குத் துணி தெரியும், விலை தெரியாது. ஏஜென்ட் தண்ணீர் கொடுத்தாலே நன்றி சொல்கிற பிள்ளை. அவனை மேலே அனுப்பினால் என் கடையை அவர்களே வந்து நடத்துவார்கள். அதனால் மூட்டு மாற்று அறுவைக்கு ஒரு சர்ஜனிடம் தேதி வாங்கினேன். தேய்ந்ததை எடுத்துவிட்டு உலோக மூட்டு வைத்துவிடலாம், சில மாதத்தில் படி ஏறலாம் என்றார். சம்மதித்தேன்.

அப்போதுதான் தங்கை வந்தாள்.

"அண்ணா, எலும்பை அறுத்துட்டா திரும்ப ஒட்ட வைக்க முடியுமா? அவர் ஆஸ்பத்திரியில புதுசா ஒரு ஊசி ஆராய்ச்சி நடக்குது. தேஞ்ச சவ்வையே வளர்க்குமாம். ஒரு வருஷம் பொறுத்துப் பாரேன்."

அவர் என்றால் அவள் புருஷன். ஆராய்ச்சி ஆஸ்பத்திரியில் மருந்தாளர். கூட்டத்தில் இருந்தால் ஆள் இருப்பதே தெரியாது; அவ்வளவு அமைதி. எங்கள் கூட்டத்தில் அவர் ஒருவர்தான் எதையும் விற்காதவர் என்று நான் கேலி செய்வதுண்டு.

ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி டாக்டரம்மா விளக்கினார். சின்ன வயது, கூர்மையான பேச்சு.

"வலி பத்துக்கு எத்தனை சொல்லுவீங்க?"

"ஒம்பது" என்றேன். இறங்கி ஆறில் முடிக்கலாம் என்று எண்ணம். அந்தப் பெண் மறுபேச்சில்லாமல் ஒன்பது என்றே எழுதிக்கொண்டார். ஆயுசில் முதல் தடவையாக நான் சொன்ன விலை அப்படியே போனது. எனக்கே கூச்சமாகிவிட்டது.

"ஐயா, இதை நல்லா கேட்டுக்கங்க. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணி. தராசுல எதிர்த்தட்டு இல்லாம எடை தெரியாதில்லையா? அது மாதிரிதான். யாருக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஊசி நீல உறை போட்டுத்தான் என் கைக்கே வரும்."

"அப்ப யாருக்குத்தாம்மா தெரியும்?"

"உள்ளே மருந்து எடுத்துக் குடுக்கறவங்களுக்கு மட்டும்."

எனக்கு உள்ளுக்குள் வெல்லம் கரைந்தது. உள்ளே மருந்து எடுத்துக் கொடுப்பது யார்? மாப்பிள்ளை. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று எல்லாக் கடையிலும் எழுதித்தான் வைத்திருக்கிறோம். அது ஊராருக்கு. சொந்தக்காரனுக்கா?

இந்த இடத்தில் எங்கள் தெருவின் ஒரு முறையைச் சொல்லியாக வேண்டும். பேரம் முடிந்தால் நாங்கள் 'சரி' என்று சொல்ல மாட்டோம். 'சரி' என்றால் எதிராளிக்கு, அடடா, இன்னும் ஏற்றியிருக்கலாமே என்று தோன்றிவிடும். விலையைக் கேட்டோமா, வாயைத் திறக்காமல் மாதிரித் துணியை மடித்து வைத்தோமா, நடந்தோமா. பேச்சு முடிந்தது என்று அர்த்தம். கடைக்குள் மட்டுமில்லை, எங்கள் வீட்டுக் கல்யாணப் பேச்சும் அப்படித்தான். தங்கையைப் பெண் கேட்டபோது என் அப்பா பதிலே சொல்லாமல் எழுந்து போனார். மாப்பிள்ளை வீட்டார் கோபம் என்று நினைத்துக் கிளம்ப இருந்தார்கள். அது சம்மதம் என்று நான்தான் ஓடிப்போய் விளக்கினேன்.

ஊசி போடுகிற அன்று வராந்தாவில் மாப்பிள்ளையைப் பிடித்தேன். அவர் கையில் மருந்துத் தட்டு.

"மாப்பிள்ளை, நல்ல சரக்கா பார்த்து எடுங்க. உறை எதுவா இருந்தா என்ன, உள்ளே இருக்கறது நம்மளுதா இருக்கணும்."

அவர் என்னைப் பார்த்தார். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார். ஒன்றும் பேசாமல் உள்ளே போனார்.

முடிந்தது பேரம். அன்று மாலையே சர்ஜனுக்குப் போன் போட்டு என் தேதியை வேண்டாம் என்றேன்.

அப்புறம் ஒரு வருஷம் நான் நடந்த நடை! முதல் மாதமே மணல் சத்தம் குறைந்தது. மூன்றாவது மாடியில் போய் நின்றுகொண்டு, "என்னப்பா, லிஃப்ட் வெச்ச மாதிரி வந்துட்டேன்" என்றால் ஏஜென்டின் முகம் சுருங்கும். மகன் கல்லாவுக்குப் போனான். என்னைப் பார்த்துப் பட்டன் கடைக்காரரும் அந்த ஆராய்ச்சியில் சேர்ந்தார். ஜிப் வியாபாரி சேர்ந்தார். அவர் சம்சாரமும் சேர்ந்தாள். "நம்ம மாப்பிள்ளைதான் அங்கே எல்லாம்" என்று நானே அனுப்பினேன். தரகு வாங்காத தரகன்.

வருஷம் முடிந்து டாக்டரம்மா கூப்பிட்டார். கணக்கைத் திறந்துவிட்டார்களாம். யார் யாருக்கு என்ன போட்டார்கள் என்று அவரவரிடம் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"உங்களுக்குப் போனது உப்புத் தண்ணி ஐயா."

"சரியா பாருங்கம்மா. எனக்கா?"

"உங்களுக்குத்தான். ஆனா நல்ல முன்னேற்றம்! மருந்து போட்டவங்களுக்கு ஸ்கேன்ல சவ்வு மயிரிழை தடிச்சிருக்கு. வலியைப் பொறுத்த வரைக்கும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் குறைஞ்சிருக்கு. ஊசி போட்டுட்டாங்கங்கற நம்பிக்கைக்கே உடம்பு இப்படிக் கேட்கும், முட்டி வலியில அது ரொம்ப ஜாஸ்தி."

சரக்கும் தண்ணீரும் ஒரே விலைக்குப் போன சந்தையை என் வாழ்நாளில் கண்டதில்லை. அந்த அம்மாவுக்கு அதில் ஓர் ஆச்சரியம், கொஞ்சம் ஏமாற்றம். எனக்கோ நாற்காலியை விட்டு எழுந்தபோதே முட்டிக்குள் மணல் அரைபட்டது. உள்ளே ஏறும்போது வலிக்காத அதே படி, இறங்கும்போது ஒவ்வொன்றாக வலித்தது.

மருந்தறை ஜன்னலுக்குப் போனேன்.

"வாங்க மச்சான்."

"உப்புத் தண்ணியா மாப்பிள்ளை?"

அவர் தெரியாதவர் போல் நடிக்கவில்லை. கதவைத் திறந்து வெளியே வந்தார்.

"நான் எடுக்கலை மச்சான். நீங்க சேர்ந்த அன்னைக்கே பெரிய டாக்டர்கிட்ட சொல்லிட்டேன், இவர் என் மச்சான், இவர் மருந்தை நான் தொட மாட்டேன்னு. உங்களுக்கு எடுத்தது கூட வேலை செய்யற ஒரு அம்மா. உங்களுக்கு என்ன போச்சுன்னு எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்."

திட்டுவதற்கு வைத்திருந்த வார்த்தையெல்லாம் வாயிலேயே நின்றது. நேர்மையானவனிடம் கோபப்படுவது கஷ்டம். பிடித்து இழுக்க ஓரமே கிடைக்காது. ஆனால் நான் துணிக்காரன். ஓரத்தைத் தேடுவதுதான் என் பிழைப்பு.

"அன்னைக்கு வராந்தாவுல நான் கேட்டேனே. 'என்னால முடியாது மச்சான், உங்க ஊசிக்கும் எனக்கும் சம்பந்தமில்லை'ன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் கோணிப் போயிடுமா?"

அவர் தரையைப் பார்த்தார்.

"எங்க வீட்டுல பொண்ணு எடுத்தவர் நீங்க. பேசாம நடந்து போனா எங்களுக்கு என்ன அர்த்தம்னு தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சா?"

"ஆள் சேரலை மச்சான்." குரல் சன்னமாக வந்தது. "எண்ணிக்கை நிரம்பலைன்னா ஆராய்ச்சியை மூடிடுவாங்க. அதோட என் வேலையும் போயிடும். நீங்க ஆபரேஷனுக்குத் தேதி வாங்கி வெச்சிருந்தீங்க. நான் முடியாதுன்னு சொல்லியிருந்தா அப்பவே எழுந்து போயிருப்பீங்க."

நான் சரக்கு வாங்கப் போனதாக நினைத்தேன். சரக்கே நான்தான். எதையும் விற்கத் தெரியாதவர் என்று நான் கேலி செய்த மனுஷர், என்னை மொத்த விலைக்குத் தள்ளிவிட்டார். பட்டன் கடைக்காரரையும் ஜிப் வியாபாரியையும் மேல்கொசுறாக நானே சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.

சர்ஜனிடம் திரும்பப் போனேன். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பும் எலும்பும் உரசுகிறது, கால் வளைய ஆரம்பித்திருக்கிறது என்றார். செய்யலாம், ஆனால் வரிசை நீளம். போன வருஷம் விட்ட இடம் விட்டதுதான், இனி கடைசியில் இருந்துதான் வர வேண்டும். அதுவரைக்கும் தொடைத் தசைக்குப் பயிற்சி செய்யுங்கள், எடையைக் குறையுங்கள் என்றார். போன வருஷமும் இதையேதான் சொன்னார். இலவசமாகச் சொன்னதால் நான் வாங்கிக்கொள்ளவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தங்கை கடைக்கு வந்தாள். நான் மேல்தளத்துக் கிடங்கில் துணிக்கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். காலையில் எப்படியோ ஏறிவிட்டேன். இறங்குவதற்குத்தான் மனசு வரவில்லை.

"அண்ணா, அவர் சர்ஜன்கிட்ட பேசறேன்னு சொல்றார். தெரிஞ்சவராம். அடுத்த வாரமே தேதி கிடைக்கும். வரிசையில நிக்க வேணாம்."

"உன் புருஷனுக்குப் பேச வருமா? பரவாயில்லையே."

அவள் ஒரு கட்டின் மேல் உட்கார்ந்தாள். தொங்கிய நூலைப் பிடித்து விரலில் சுற்றினாள்.

"என்னைக் கூப்பிட வந்தியே, அப்ப ஆள் பத்தலைங்கறது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"என் மருந்தை அவர் தொட மாட்டார்ங்கறது?"

"அதுவும் தெரியும்ணா."

கீழே மகன் யாருக்கோ துணியை உதறிக் காட்டும் சத்தம் கேட்டது. நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வெளியிலிருந்து வந்தவர். அவர் செய்ததற்கு ஏதாவது ஒரு பேர் வைக்கலாம். இவள் நான் தோளில் தூக்கி வளர்த்தவள்.

"வேலை போயிடும்போல இருக்குன்னு என்கிட்ட வந்து நின்னிருக்கலாமே. நான் என்ன இல்லைன்னா சொல்லியிருப்பேன்?"

"குடுத்திருப்ப. அப்புறம் கடைக்கு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லிக் காட்டியிருப்ப. அவர் உன் முன்னாடி சோறு சாப்பிட்டிருப்பாரா?"

அவள் சொன்னதில் பொய் இல்லை.

"அதுவும் இல்லாம, நீ நடந்தியே அண்ணா. தண்ணியோ மருந்தோ, ஒரு வருஷம் நீ நடந்ததைப் பார்த்தேன். சரிதான் செஞ்சோம்னு நினைச்சுக்கிட்டேன்."

"நான் நடந்தது மருந்தை நம்பி இல்லைடி. உங்களை நம்பி."

அவள் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அழுகிறவனிடம் சரக்கு மலிவாகப் போய்விடும், விழுங்கிக்கொண்டேன்.

"அவர் யார்கிட்டயும் பேச வேண்டாம். எனக்கு வர்ற தேதி வரட்டும்."

"அதுவரைக்கும் கால் தாங்காதுண்ணா. மாடிக்கு யார் போவா?"

அந்தக் கேள்விக்கு விடை சொல்லத்தான் ஒரு வருஷமாக உப்புத் தண்ணீரைச் சுமந்துகொண்டு ஏறி இறங்கினேன். ஒரு தடவை தலையாட்டினால் அடுத்த வாரம் தேதி; கொஞ்ச மாதத்தில் மறுபடி மூன்றாவது மாடி. ஏஜென்டுகள் என் மகன் நன்றி சொல்வதற்காகவே காத்துக்கொண்டிருப்பார்கள். எல்லாம் தெரிந்துதான் சொன்னேன்.

"பையன் போகட்டும்."

எழுந்தேன். கிடங்குப் படி குறுகல், கைப்பிடி ஒரு பக்கம்தான், அதுவும் இடது பக்கம். எனக்கு வேண்டியது வலது பக்கம். தங்கை ஓடிவந்து ஒரு படி கீழே நின்று தோளைக் கொடுத்தாள்.

"பிடிச்சுக்கோண்ணா."

நான் பக்கவாட்டில் திரும்பி, உள்ளங்கையைச் சுவரில் ஊன்றி, நல்ல காலைத் தேடித்தேடி வைத்து இறங்கினேன். சுண்ணாம்பு கையில் ஒட்டிக்கொண்டே வந்தது. அவள் எனக்கு முன்னால் ஒவ்வொரு படியாக, கொடுத்த தோளை விலக்காமலே இறங்கிக்கொண்டிருந்தாள்.