வரேன் என்று சொல்லாமல்

புவனேஷுக்கு முப்பது வயது. சொன்ன சொல்லைச் சொன்னபடியே நம்புகிறவன். காய்கறி வாங்கப் பாசார் முழுக்கச் சுற்றிவந்த களைப்பில் "கால் ஒடிஞ்சு போச்சுப்பா" என்று அம்மா குமுதா ஒருநாள் முனகிவிட, கீழே கிளினிக்குக்கு ஓடி நர்ஸைக் கையோடு கூட்டி வந்துவிட்டான். சுங்கை பினாங் அடுக்குமாடி மொத்தமும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. சிரிக்க மட்டும் தெரிந்த சனம், சிரிக்கட்டும்.

குமுதாவுக்குச் சிரிப்பு வராத கதையும் ஒன்று உண்டு. அவள் கணவர் தயாளன் ஒரு காலையில் "போய்ட்டு வரேன்" என்று புக்கிட் தெங்கா தொழிற்சாலைக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பியவர், வழியில் லாரி மோதி இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்த பிறகும் சாயங்காலமானால் புவனேஷ் லிஃப்ட் வாசலில் போய் நின்றான்.

"அப்பா வரேன்னு சொன்னாரும்மா."

மாதக்கணக்கில் நின்றான். கதவு திறக்கும்போதெல்லாம் அவன் முகம் மலர்ந்து வாடியதைப் பார்த்து அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

இப்போது அவள் முறை. ஈரலில் புற்று. டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். வலி தாங்க முடிந்தவரை வீட்டில் இருந்தாள். இனி ஆஸ்பத்திரிதான், அங்கிருந்து திரும்புவதில்லை. மகனுக்குத் துணையாக அவள் தங்கை காமினி புக்கிட் மெர்தாஜாமிலிருந்து இங்கேயே வந்துவிட்டாள். அந்தக் கவலை தீர்ந்தது. வாசலில் என்ன சொல்லிவிட்டுப் போவது என்பதுதான் குமுதாவை அரித்தது.

சக்கர நாற்காலியில் உட்கார்ந்து மகன் கையைப் பிடித்தாள்.

"நான் போறேன்ப்பா."

காமினிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னக்கா பேச்சு இது? வாய மொதல்ல கழுவு. போய்ட்டு வரேன்னு சொல்லு."

புவனேஷ் உள்ளே ஓடி ஒரு குவளைத் தண்ணீரோடு வந்தான். குமுதா மறுக்காமல் வாங்கி வாயைக் கொப்பளித்தாள். பிறகு மறுபடியும் சொன்னாள்.

"போறேன்ப்பா. திரும்பி வரமாட்டேன். நீ லிஃப்ட்டுகிட்ட நிக்கக்கூடாது."

அவன் காலிக் குவளையை வாங்கிக்கொண்டான்.

"சரிம்மா. அப்ப சித்திக்கும் எனக்கும் மட்டும் சோறாக்குனா போதும்லா?"

"போதும்ப்பா."

அவன் அரிசி களையப் போய்விட்டான். அவள் கேட்டுக்கொண்டதும் அதைத்தான். ஆனாலும் காமினி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு லிஃப்டுக்குள் நுழைந்தபோது, அவன் வந்து நிற்கமாட்டானா என்று கதவு மூடும்வரை குமுதா எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவன் வரவில்லை.