பன்னிரண்டு மணிக்குத் திறந்த வாசல்

2025 நவம்பர் 6, வியாழக்கிழமை, முற்பகல் 11 மணி 52 நிமிடம். காரைக்காலில் இரண்டு நாள் விடாமல் பெய்த மழை சற்று முன்புதான் ஓய்ந்திருந்தது. வானம் இன்னும் வெளுக்கவில்லை. கரொலின் தன் கணினியின் முன் கைகட்டி அமர்ந்திருந்தாள். எட்டு நிமிடத்தில் ஒரு குற்றம் நடக்கப்போகிறது என்பது அவளுக்குத் தெரியும். செய்கிறவன் யார் என்பதும் தெரியும் என்றே நம்பினாள். அவனைத்தான் எதிர் நாற்காலியில் உட்கார வைத்திருந்தாள்.

அவள் வேலை பார்த்த ஆவண நிலையம், பிரெஞ்சு ஓய்வூதியம் பெறும் குடும்பங்களுக்காக நடப்பது. ஓய்வூதியர் உயிரோடு இருக்கிறார் என்று ஆண்டுதோறும் காட்டவேண்டிய சான்று, கடவுச்சீட்டு, குடும்ப அட்டை ஆகியவற்றைப் படியெடுத்து, கிளவுட் என்னும் இணையக் கிடங்கில் சேமித்து, கடல் கடந்த அலுவலகங்களுக்கு அனுப்புவார்கள். கிளைக்கு ஒன்றும் வேலைக்கு ஒன்றுமாகப் பதினொரு கிளவுட் திட்டங்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் அதைத் தொடங்கியவர் தம் மனம்போல அமைத்திருந்தார். ஆகஸ்டில் கரொலின் பதினொன்றுக்கும் பொதுவான நெட்வொர்க் அமைப்பு ஒன்றை வகுத்தாள். எந்தத் திட்டமும் நேரே இணையத்தைப் பார்த்து நிற்கலாகாது; வெளியிலிருந்து வருவோர் தலைமையகத்தின் ஒரே வழியாகத்தான் வரவேண்டும். செப்டம்பர் முதல் தேதி தொட்டு, அவள் எழுதிய நிரல் ஒன்று இரவுதோறும் பதினொன்றையும் அந்த அமைப்போடு ஒப்பிட்டு, பிசகியதைத் திருத்தியது.

பத்துத் திட்டங்கள் அடங்கின. கோட்டுச்சேரிக் கிளையின் திட்டம் மட்டும் அடங்கவில்லை. ஒவ்வொரு வேலைநாளும் சரியாகப் பதினொரு மணிக்கு அதன் ஃபயர்வால் என்னும் காப்புச்சுவரில் ஒரு வாசல் திறந்தது. உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் எவரும் வந்து தட்டக்கூடிய வாசல். உள்ளே மூவாயிரம் பேரின் கடவுச்சீட்டுகள் இருந்தன. இரவில் நிரல் மூடும். மறுநாள் மீண்டும் திறக்கும்.

திறந்தவர் பெயர் பதிவில் இல்லை. கோட்டுச்சேரித் திட்டத்தின் இயந்திரக் கணக்கு ஒன்று திறந்தது என்று மட்டும் இருந்தது. அதை இயக்க அதிகாரம் பெற்ற மனிதர் எவராவது பின்னால் இருந்தால்தான் அந்தக் கணக்கு அசையும். அத்திட்டத்துக்குப் பொறுப்பாளன் நெய்னா முகம்மது. அக்டோபர் 24, வெள்ளிக்கிழமை, கரொலின் அவனைத் தொலைபேசியில் அழைத்து, பதினொரு மணிக்கு என்ன நடக்கிறது என்று கேட்டாள். ஒன்றும் தெரியாது என்றான். அடுத்த திங்கட்கிழமை வாசல் பதினொரு மணிக்குத் திறக்கவில்லை. பன்னிரண்டுக்குத் திறந்தது. அன்றிலிருந்து நேற்றுவரை பன்னிரண்டுதான்.

கேட்ட மறுவேலைநாளே நேரத்தை மாற்றியவனுக்கு ஒன்றும் தெரியாதாம். கரொலின் ஏழு பக்க அறிக்கை எழுதி, ஒரு படியை நெய்னாவுக்கும் கொடுத்தாள். ஒற்றைப் பிழை இல்லாத அறிக்கை என்பதில் அவளுக்கு ஐயமில்லை. அதன் பேரில் இயக்குநர் புரூனோ பணிநீக்கக் கடிதத்தைத் தட்டச்சுசெய்து வைத்திருந்தார். இன்று பன்னிரண்டரை மணிக்குக் கையெழுத்து. அதற்கு முன் ஒரு கடைசிச் சோதனை வேண்டும் என்று கேட்டவள் கரொலின்தான். நெய்னாவின் கைப்பேசியும் மடிக்கணினியும் அவள் மேசையில் கிடந்தன. அவன் இங்கே வெறுங்கையோடு இருக்கும்போது வாசல் திறக்காவிட்டால், அதுவே சாட்சி.

"தண்ணியாவது குடிக்கலாமா மேடம்? இல்லை, அதுலயும் ஏதாவது இருக்குமா?" என்றான் நெய்னா.

"குடிங்க."

அவன் குடிக்கவில்லை. "கடிதத்துல என்ன காரணம் போட்டிருக்காங்க?"

"தகவல் பாதுகாப்பை மீறினதா."

"அந்தக் காகிதத்தோட நான் எந்த ஊர்ல போய் வேலை கேக்கிறது? தோஹாவுல இருக்கிற என் மச்சான்கூட வாசல்லயே நிறுத்திப் பேசுவாரு."

திரையின் மூலையில் கடிகாரம் 12:00 என்று மாறியது. பதிவில் ஒரு புதிய வரி விழுந்தது. வாசல் திறந்துவிட்டது. நெய்னாவின் இரு கைகளும் மேசை மேல், அவள் கண்ணெதிரே இருந்தன.

அந்த வரியை அவள் இருமுறை படித்தாள். மறுகணம் சந்தேகம் வேறு வழி தேடிக்கொண்டது. "நேரம் குறிச்சு முன்னாலயே வச்சிட்டு வந்திருக்கலாம்" என்றாள்.

"திறக்காட்டியும் நான், திறந்தாலும் நான். நல்ல சோதனைதான் மேடம் இது."

பக்கத்து மேசையில் ஜோசெஃபின் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். ஓய்வூதியர் பட்டியல் முதல் கணினிக் கணக்குப் பட்டியல் வரை, இயக்குநரே வைத்திருக்கும் ஊழியர் பட்டியல் தவிர, நிலையத்தின் பட்டியல்கள் அனைத்தும் முப்பது ஆண்டுகளாக அவர் பொறுப்பு. அவருடைய கைப்பேசி ஒலித்தது. எடுத்து இரண்டு சொல் பேசி வைத்தார்.

"தப்பா நினைக்காதே கரொலின். லியோன்லேருந்து என் தங்கச்சி. வேலைக்குக் கிளம்பும்போது தினமும் கூப்புடுவா. முன்ன பதினோரு மணிக்கு வரும், இப்ப பன்னண்டாயிடுது. அங்க மணியை மாத்திட்டாங்கல்ல."

கரொலின் மெல்லத் திரும்பினாள். "என்னைக்கு மாத்தினாங்க?"

"என்ன கேள்வி இது? வருஷா வருஷம் அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமைதான். உங்க அண்ணன் அங்கதானே இருக்கான், உனக்குத் தெரியாதா?"

தெரியும். அக்டோபர் 26, ஞாயிறு. பிரான்சில் உறவு உள்ள வீடுகளில் அந்த நாளை யாரும் மறப்பதில்லை. மறுநாளிலிருந்து தொலைபேசி ஒரு மணி நேரம் தள்ளி வரும். கரொலினின் வீட்டிலும் அப்படித்தான். வீட்டில் தெரிந்ததை அவள் அலுவலகத்துக்குக் கொண்டுவரவில்லை. தொலைபேசியில் நெய்னாவைக் கேட்டது வெள்ளி, நேரம் மாறியது திங்கள் என்று இரண்டை மட்டும் முடிச்சுப் போட்டாள். நடுவில் ஒரு ஞாயிறு இருந்ததை விட்டுவிட்டாள். அங்கே காலை ஏழரை. கோடையில் அது இங்கே பதினொன்று, குளிரில் பன்னிரண்டு. வாசலைத் திறந்த கடிகாரம் காரைக்காலில் இல்லை.

"அந்தக் கணக்கை இயக்குற அதிகாரம் ரெண்டு பேருக்குன்னு அறிக்கையோட மூணாம் பக்கத்துல எழுதியிருக்கீங்க. எதைப் பார்த்து எழுதினீங்க?" என்றான் நெய்னா. அவனுக்கும் விளங்கத் தொடங்கியிருந்தது.

"ஊழியர் பட்டியல். கோட்டுச்சேரித் திட்டத்துக்கு நீங்களும் நானும்."

"ஊழியர் பட்டியல் வேண்டாம். கிளவுட்ல இருக்கிற பட்டியலைத் திறங்க."

திறந்தாள். மூன்று பெயர்கள் இருந்தன. கரொலின். நெய்னா முகம்மது. ஃபிரான்க். நெய்னாவுக்கு முன் கோட்டுச்சேரியைப் பார்த்துக்கொண்டிருந்தவர். 2023 ஜூனில் வேலையை விட்டுப் பிரான்சுக்குக் குடிபோனவர். வழியனுப்பு விருந்தில் கரொலினும் இருந்தாள்.

"இவர் பேரை ஏன் எடுக்கலை?" என்று ஜோசெஃபினிடம் கேட்டாள்.

"இறப்புச் சான்று வராம எப்புடி எடுக்கிறது?"

கரொலின் திரையிலிருந்து சட்டெனத் திரும்பினாள்.

"அது பென்ஷன்காரங்களுக்கு, ஜோசெஃபின் அம்மா!"

"பட்டியல்னா பட்டியல்தான். சான்று வராம ஒரு பேரையும் அடிக்கக்கூடாதுங்கிறது இந்த ஆபீஸ் தொடங்கினப்ப போட்ட விதி. போலகத்துல ஒருத்தரை அவசரப்பட்டு அடிச்சோம். மனுஷன் ஏழு மாசம் பென்ஷன் இல்லாம, தான் உசிரோட இருக்கிறேன்னு சொல்லிக்கிட்டு நடையா நடந்தாரு. ஃபிரான்க் நல்லாத்தானே இருக்கான்? போன வாரம்கூடப் பேசினான்."

"அவர் மவுத்தாகிற வரைக்கும் நான்தான் கள்ளனா?" என்றான் நெய்னா. சொன்ன பிறகு அவனுக்கே சிரிப்பு வந்தது; உடனே அடக்கிக்கொண்டான்.

ஜோசெஃபின் ஃபிரான்க்கைக் கூப்பிட்டு ஒலிபெருக்கியில் போட்டார். கரொலின் காரணத்தைச் சொல்லாமல் கேள்வியை மட்டும் கேட்டாள். ஃபிரான்க் சற்று யோசித்தார்.

"அடடா, அதுவா? நான் வந்த புதுசுல மூணு மாசம் இங்கேருந்தே உங்களுக்கு உதவி செஞ்சேன்ல? அந்த வாசல் அப்பப்ப மூடிக்கும். வேலைநாள்ல காலையில ஏழரைக்குப் பார்த்து, மூடியிருந்தா திறந்துவிடுன்னு பழைய கம்ப்யூட்டர்ல எழுதி வச்சேன். மறந்தே போச்சு. பொண்ணு படம் பார்க்கிறதுக்காக அது இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. இன்னுமா என் பேரு இருக்கு அங்க?"

இரண்டு ஆண்டுகளாக வாசல் திறந்தே கிடந்ததால் அந்த நிரல் பார்த்துவிட்டுப் பேசாமல் போயிருக்கிறது. கரொலின் மூடத் தொடங்கிய பிறகுதான் அதற்கு வேலை வந்தது. கதை பொருந்தியது. பொருந்தும் கதையை நம்பி ஒருமுறை ஏமாந்தவள் இம்முறை அப்படியே ஏற்கவில்லை. தானே வாசலை மூடினாள். "இப்ப அதை ஒரு தடவை ஓட்டுங்க" என்றாள். 12 மணி 19 நிமிடத்துக்குத் திரையில் அதே வரி விழுந்தது. பிறகு மூன்றாம் பெயரை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டச் சொன்னாள். வாசல் அசையவில்லை. திறந்திருந்த நாள்களின் பதிவுகளையும் புரட்டினாள். தட்டியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், நுழைந்தவர் எவருமில்லை. அந்த முடிவை இருமுறை சரிபார்த்தாள்.

பன்னிரண்டரைக்குக் கரொலினும் நெய்னாவும் இயக்குநரின் அறைக்குள் போனார்கள். புரூனோவின் முன் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று பணிநீக்கக் கடிதம். மற்றொன்று, நெட்வொர்க்கை மாற்றும் அதிகாரத்தைக் கிளைகளிடமிருந்து எடுத்துவிட வேண்டும் என்று கரொலின் இரண்டு மாதமாகக் கேட்டுவரும் ஆணை. கிளைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று அவர் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தது.

"என் அறிக்கை தப்பு சார். மூணாம் பக்கத்துல அதிகாரம் உள்ளவங்க பட்டியலும், அஞ்சாம் பக்கத்துல நேரம் மாறினதுக்குச் சொன்ன காரணமும். அந்த ரெண்டு மேலதான் மத்த அஞ்சும் நிக்குது" என்ற கரொலின், நடந்ததை நடந்த வரிசையில் சொன்னாள்.

புரூனோ பணிநீக்கக் கடிதத்தை நான்காகக் கிழித்தார். பிறகு நெய்னாவைப் பார்த்தார். "நீங்க ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணு இருக்கு சார். பட்டியல்ல மேடம் பேரும் இருந்துச்சு. ஏழு பக்கத்துல ஒரு வரியாவது அவங்களைப் பத்திச் சந்தேகமா இருந்துச்சா? கிளைக்காரங்க அதிகாரத்தை எடுக்கிறீங்க, எடுங்க. மேடம் கையில மட்டும் தனியா இருந்தா, நாளைக்கு நான் உக்காந்த நாற்காலியில வேற யாராவது உக்காருவாங்க."

கரொலினுக்கு முகம் சுட்டது. ஆணையைத் தன் பக்கம் இழுத்து, அடியில் கையால் எழுதினாள்: "இவ்விதி தலைமையக நிர்வாகிக்கும் பொருந்தும். எந்த மாற்றத்துக்கும் இருவரின் ஒப்புதல் வேண்டும். அவருள் ஒருவர் கிளையைச் சேர்ந்தவராதல் வேண்டும். பணி விலகுவோரின் பெயர் விலகும் நாளிலேயே நீக்கப்படும்."

"முதல் ஆள் யாரு, கிளையிலேருந்து?" என்றார் புரூனோ.

"நெய்னா முகம்மது" என்று சொல்லி, அதையும் எழுதினாள்.

"என்னைக் கேக்கவேயில்லையே?" என்றான் நெய்னா.

"முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. அடிச்சிடுறேன்."

அடிக்க வேண்டாம் என்று அவன் கையசைத்தான். புரூனோ பேனாவைத் திறந்து, கரொலின் சேர்த்த வரிகளின் ஓரத்தில் ஒருமுறையும் அடியில் ஒருமுறையும் கையெழுத்திட்டார். தேதியும் நேரமும் குறித்துத் தாளை அவளிடம் தந்தார். "நீங்களே அவர்கிட்ட கொடுங்க."

அவள் கொடுத்தாள். நெய்னா உடனே மடித்து வைத்துக்கொள்ளவில்லை. நின்ற இடத்திலேயே முதல் வரியிலிருந்து படித்தான். தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் எதுவும் எழுதப்படவில்லை என்பதையும் பார்த்துக்கொண்டான்.