அயாந்தி வசூலித்த வரி

ஆண்டு பிறந்ததும் தீவின் அரசாங்கம் சுற்றுலா வரியை மூன்று மடங்காக உயர்த்தியது. உயர்த்தியவர்கள் தலைநகரில் குளுகுளு அறையில் இருந்தார்கள். ஏச்சு வாங்கியது கலபாஷ் துறையில் நான்கு அறை விடுதி நடத்தும் அயாந்தி.

தங்கும் ஒவ்வொரு இரவுக்கும் தலைக்கு இவ்வளவு என்று விடுதிக்காரர்களே வாங்கிக் கட்ட வேண்டும் என்பது சட்டம். அறை வாடகையைச் சொல்லும்போது கணீரென்று இருக்கும் அயாந்தியின் குரல், வரியைச் சொல்லும்போது மட்டும் தொண்டைக்குள் இறங்கிவிடும். யாரோடும் மல்லுக்கு நின்று பழக்கமில்லாதவள். வெயில் அதிகம் என்று விருந்தாளி முகம் சுளித்தால் அதற்கும் மன்னிப்புக் கேட்பாள். கணவன் போன பிறகு விடுதி நிலைத்து நின்றதே இந்தக் குணத்தால்தான் என்று நம்பினாள்.

பிப்ரவரியில் லாக்வுட் தம்பதி வந்து இறங்கினார்கள். கணவர் இங்கிலாந்தில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி பெரில் எதற்கும் சிரித்துவிடுகிற ரகம். வருஷம் தவறாமல் கடல் பார்த்த அறைதான் வேண்டும் அவர்களுக்கு.

“என்னது இது, மிஸ் அயாந்தி? கொஞ்சம் ஏத்தியிருந்தா வாய மூடிக்கிட்டுக் கட்டியிருப்பேன். மூணு மடங்கா? கடல்ல கால் நனைக்கிறதுக்கும் டிக்கெட்டா?”

“கவர்மென்ட் போட்டது, மிஸ்டர் லாக்வுட். என் கையில ஒண்ணும் இல்லீங்க.”

“வாங்குறது உங்க கைதானே!”

பெரில் அவர் முழங்கையைக் கிள்ளினாள். “வந்ததும் வராததுமா ஆரம்பிக்காதீங்க. அந்தம்மா முதல்ல குடிக்க ஏதாவது குடுக்கட்டும்.”

“குடிச்சிட்டுச் சொல்றேன். இதான் கடைசி வருஷம். அடுத்த தடவை போர்ச்சுகல்.”

அயாந்திக்கு இவர்களையும் இழக்கக் கட்டுப்படியாகாது. ஜெர்மன் தம்பதி ஒன்று ஏற்கெனவே வரவில்லை என்று சொல்லிவிட்டது. “உங்க கஷ்டம் எனக்குப் புரியுது” என்று மட்டும் சொல்லி, புளிச்சக்கீரைப் பூவில் செய்த சிவப்பு சர்பத்தை ஊற்றிக் கொடுத்தாள்.

மறுநாள் காலைச் சாப்பாட்டு மேசையிலும் அதே பேச்சுதான். உப்பு மீனும் வறுத்த ரொட்டியும் ஆறிக்கொண்டிருந்தன. பின்னறையில் தங்கியிருந்த மரியெல் என்ற பெண், மான்ட்ரியலிலிருந்து பவளப்பாறைகளைப் பார்க்க முக்குளிக்க வந்தவள், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்:

“வரி கேக்குறதுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. நாம வர்றதால குப்பை சேருது, தண்ணி செலவாகுது. ஆனா எதுக்குப் போகுதுன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கிறாங்களே. அதான் எரிச்சலா இருக்கு.”

“உனக்குச் சம்பளம் வருது, கண்ணு. எனக்கு பென்ஷன்” என்றார் லாக்வுட். “நாங்க இங்க வர்றதுக்கு வருஷம் பூரா வாயைக் கட்டி வயித்தைக் கட்டிச் சேர்க்குறோம்.”

இரண்டு பேர் சொல்வதும் அயாந்திக்கு நியாயமாகத்தான் பட்டது. கோகோ பானத்தை இன்னொரு தடவை ஊற்றிவிட்டு நகர்ந்தாள்.

அன்றைக்கு லாக்வுட் தம்பதியை எக்பர்ட் தன் படகில் ஆமை பார்க்க அழைத்துப் போனான். துறையில் அவன் படகுக்கு இருக்கிற பெயரைவிட அவன் வாய்க்கு இருக்கிற பெயர் பெரிது.

“வரி முழுசாக் கட்டிட்டீங்களா, சார்? இல்லேன்னா பாதி உடம்பைத்தான் ஏத்தச் சொல்லி உத்தரவு” என்றான். லாக்வுட் முறைத்தார். பெரில் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திரும்பி வந்து இறங்கும்போதுதான் அது நடந்தது. படகிலிருந்து இறங்கும் மர மேடை உப்புக் காற்றில் உளுத்துப் போயிருந்தது. பெரில் காலை வைத்த பலகை படக்கென்று முறிந்து, முழங்கால் வரை கால் உள்ளே போய்விட்டது. அலறல் விடுதி வரை கேட்டது. அயாந்தி அடுப்பை அணைக்கக்கூட நிற்காமல் ஓடினாள்.

ஆம்புலன்ஸ் தீவின் மறுகோடிக்குப் போயிருந்தது. எக்பர்ட் தன் மைத்துனனின் மீன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். பின்னால் பெட்டிகளுக்கு நடுவே பெரிலைப் படுக்க வைத்து, தலையை மடியில் தாங்கிக்கொண்டாள் அயாந்தி.

“அழாதீங்க, மிஸ் அயாந்தி” என்றாள் பெரில், பல்லைக் கடித்துக்கொண்டு. “சுளுக்குக்கு ஐஸ் வைக்கணும்பாங்க. வண்டி பூரா ஐஸ்தான்.”

சுளுக்கு இல்லை, கணுக்கால் எலும்பில் விரிசல் விட்டிருந்தது. உள்ளே கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது லாக்வுட் ஆஸ்பத்திரி நடையில் வெடித்தார்.

“இத்தனை வரி வாங்குறீங்களே, எங்க போகுது அத்தனையும்? ஒரு பலகை மாத்த முடியாதா உங்களால?”

வழக்கமான மன்னிப்பு அயாந்தியின் வாய் வரை வந்தது. வந்தது அங்கேயே நின்றுவிட்டது.

“அந்தப் பலகை எல்லாம் யார் போட்டது தெரியுமா, மிஸ்டர் லாக்வுட்?” என்றாள். “எங்க மீன்காரங்க. புயல் அடிக்கும்போதெல்லாம் கைக்காசு போட்டு, அவங்களே ஆணி அடிச்சு. நீங்க இத்தனை வருஷம் அது மேலதான் நடந்தீங்க. நீங்களும் கேக்கல, யாரு போட்டதுன்னு. நானும் கேக்கல. உங்ககிட்ட வாங்கி நகரத்துக்கு அனுப்பிட்டு, சும்மா இருந்துட்டேன். எங்க போகுதுன்னு நீங்க என்னைக் கேக்குறது சரிதான். நான்தான் அவங்களைக் கேட்டிருக்கணும்.”

சொல்லி முடித்ததும் பயம் வந்துவிட்டது. போச்சு, இனி இந்த மனிதர் வாசல்படி மிதிக்க மாட்டார் என்று நினைத்தாள். லாக்வுட் பெஞ்சில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“எப்பக் கேக்கப் போறீங்க?” என்றார்.

“வியாழக்கிழமை சர்ச் ஹாலுக்குச் சுற்றுலா ஆபீசிலிருந்து ஆள் வருது. வரியைப் பத்தி விளக்கம் சொல்றாங்களாம்.”

“நானும் வரேன்.”

வியாழக்கிழமை ஹாலில் நிற்க இடமில்லை. வந்திருந்த அதிகாரி மிஸ் ஃபிரெடரிக், சின்ன வயசுப் பெண்தான். “இது நம்ம தீவின் எதிர்காலத்துக்கான முதலீடு” என்று தொடங்கினாள். “எந்த எதிர்காலம்மா? என் பேரன் காலமா, அவன் பேரன் காலமா?” என்று பின்னாலிருந்து எக்பர்ட் குரல் கொடுக்க, ஹால் குலுங்கியது.

லாக்வுட் எழுந்தார். “விருந்தாளிக்கு இங்க என்ன பேச்சு?” என்று ஒருவர் முணுமுணுத்தார். “கட்டுறவரு அவர்தானே, பேசட்டும்!” என்றார் இன்னொருவர்.

“எனக்கு இந்த வரி பிடிக்கல” என்றார் லாக்வுட். “இன்னும் பிடிக்கல. ஆனா கட்டுறேன். ஒண்ணே ஒண்ணு. கட்டின காசு என்ன ஆச்சுன்னு நான் கண்ணால பாக்கணும். என் வீட்டுக்காரி கால் வச்சு நடக்குற மாதிரி ஒரு பலகையா.” அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து எழுந்தது அயாந்தி. அவள் கூட்டத்தில் பேசி யாரும் பார்த்ததில்லை என்பதால் எக்பர்ட்கூட வாயை மூடிக்கொண்டான்.

“நான் வசூல் பண்றேன். திட்டு வாங்குறது நான். எதுக்குன்னு விருந்தாளிக்குச் சொல்ல என்கிட்ட ஒரு பதில் வேணும். இந்தத் துறையில வாங்குறதுல ஒரு பங்கு இந்தத் துறையிலேயே நிக்கட்டும். அந்த மர மேடையில ஆரம்பிங்க. அப்ப நான் தலை நிமிர்ந்து வரி கேப்பேன்.”

கைதட்டல் ஓய்ந்த பிறகு மிஸ் ஃபிரெடரிக் தன் காகிதங்களை ஓரமாக வைத்தாள். “உறுதி குடுக்க எனக்கு அதிகாரம் இல்ல. எங்க ஆபீசில இதை இவ்வளவு தெளிவா யாரும் கேட்டதும் இல்ல. நீங்க ஒரு கமிட்டி போடுங்க. நான் மேல கொண்டுபோறேன். விட மாட்டேன்.”

“கமிட்டிக்கு யாரு?” என்று கேட்டு முடிப்பதற்குள் ஹால் முழுவதும் அயாந்தியின் பெயரைக் கத்தியது. “ஐயோ, வேண்டாம்!” என்று அவள் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்துவிடவில்லை. அயாந்தி நகரத்துக்கு நடையாக நடந்தாள். வெளியே உட்கார வைத்தார்கள். நாளைக்கு வா என்றார்கள். மறுநாளும் போய் உட்கார்ந்தாள். மிஸ் ஃபிரெடரிக் சொன்ன சொல் தவறாமல் மேலே முட்டிக்கொண்டிருந்தாள். ஜெர்மன் தம்பதி திரும்ப வரவேயில்லை. ஆனால் மரியெல் தன் முக்குளிக்கும் கூட்டாளிகளை ஒரு குழுவாக அனுப்பினாள். மழைக்காலத்தில் சும்மா கிடக்கும் அறைகளில் ஈர உடைகள் தொங்கின.

கடைசியில் ஒரு காலை, மேடைக்கு வரிக் காசில் வாங்கிய புதிய மரத்தூண்களை ஏற்றிய மிதவை ஒன்று துறைக்குள் வந்து நின்றது. சேறு தெறிக்கத் தூண்களை அடித்து இறக்கினார்கள். ஊர் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது.

செய்தி தெரிந்து அன்றைக்கே லாக்வுட்டின் போன் வந்தது. “கைப்பிடி வைக்கிறாங்களா, கேளுங்க. பெரில் கேக்கச் சொன்னா. பிப்ரவரிக்கு அந்த அறை எங்களுக்குத்தான், யாருக்கும் குடுத்துடாதீங்க. வரி அநியாயம்தான், அதுல மாத்தமில்ல.”

“அநியாயம்னா பிப்ரவரியில வந்து சண்டை போடுங்க, மிஸ்டர் லாக்வுட். எனக்கும் இப்ப பதில் சொல்லத் தெரியும்” என்றாள் அயாந்தி. மறுமுனையில் பெரில் சிரிப்பது கேட்டது.

போனை வைத்துவிட்டுக் கடற்கரைக்கு இறங்கினாள். படிக்கட்டு தெற்குப் பக்கம்தான் வேண்டும் என்று எக்பர்ட் மேஸ்திரியோடு கட்டிப் புரளாத குறையாக நின்றிருந்தான்.

“வடக்குப் பக்கம்” என்றாள் அயாந்தி. “அங்கதான் அலை அடங்கியிருக்கும்.”

“உனக்கு எப்பலேருந்து இந்த வாய்?” என்றான் எக்பர்ட்.

மேஸ்திரி வடக்குப் பக்கத்தில் குறி போட்டார்.