காயம் பொருந்தும் வரை

முஹம்மது தம்பி கடைசிக் கேள்வியைக் கேட்டபோது அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். மனைவி ரபீக்கா தலைமாட்டில் இருந்தாள். மகன் மஹ்ரூப் தகப்பனின் பாதங்களைப் பிடித்துக்கொண்டிருந்தான். அபூதாஹிர் லெப்பை கதிரையில் உட்கார்ந்து யாசீன் ஓதினார். மூத்த சகோதரி றுக்கியா கரண்டியால் தண்ணீர் பருக்கிக்கொண்டிருந்தாள். ரபீக்காவின் அண்ணன் ஸைனுலாப்தீன் வாசலுக்கு வெளியே நின்றான். அவனை இருந்தவர்களோடு சேர்த்து எண்ண றுக்கியாவுக்கு மனமில்லை.

"ராத்தா," என்றான் முஹம்மது தம்பி. "பொருந்திட்டா?"

என்ன கேட்கிறான் என்பது எல்லாருக்கும் தெரியும். லெப்பைகூட ஓதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். றுக்கியா சற்று முன்னர்தான் கொல்லையில் எருமையின் காயத்தைக் கழுவிவிட்டு வந்திருந்தாள். விரல்களில் மஞ்சள் காயவில்லை.

"இன்னும் இல்ல தம்பி. ஒரு விரற்கடை திறந்து கிடக்கு."

அவன் தலையை ஆட்டினான். பிறகு லெப்பை கலிமாவைச் சொல்லிக்கொடுத்தார். மூதூர் இறங்குதுறையில் காலை லோஞ்சு ஊதுவதற்கு முன்னர் உயிர் பிரிந்துவிட்டது.

காயத்துக்கு ஒன்பது மாதம். வட்டையில் நெல் பூக்கிற நேரம், சுட்டி எருமை கட்டறுத்துக்கொண்டு ஸைனுலாப்தீனின் வயலில் இறங்கிவிட்டது. பயிரில் மாடு இறங்கினால் பிடித்துக் கட்டிவிட்டு உடையவனுக்கு ஆள் அனுப்புவதுதான் ஊர் முறை. வயல்களுக்குப் பொறுப்பான வட்டவிதானை வந்து அழிவைப் பார்ப்பார். ஸைனுலாப்தீன் ஆள் அனுப்பவில்லை. வாக்கத்தியால் எருமையின் வலது தொடையில் வெட்டினான். ஓடிவந்த முஹம்மது தம்பியிடம், வரம்பில் இருபது பேர் பார்த்துக்கொண்டு நிற்க, ஒரு சொல்லும் சொன்னான்.

"வேலி தெரியாத குடி மச்சான் உங்கட குடி. மாடே இப்படியெண்டா மனிசர் எப்படி இருப்பாங்க?"

குடி தாய்வழியில் வருவது, மஹ்ரூப் தாயின் குடி. முஹம்மது தம்பியின் குடியில் மிஞ்சியிருந்தவர்கள் அவனும் றுக்கியாவும்தான். றுக்கியா இருபத்திரண்டு வயதில் புருஷனைப் பறிகொடுத்தவள். அதன் பிறகு முப்பத்தொரு வருஷம் தனி வீட்டில் இருந்தாள். ஒரு வாயும் அவளைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. வெட்டு எருமைக்கு, சொல் தனக்கு என்று அவள் அன்றே எடுத்துக்கொண்டாள்.

எருமையை அறுத்துவிடும்படி எல்லாரும் சொன்னார்கள். புழு வைத்துச் செத்தால் இறைச்சியும் ஹராமாகிவிடும் என்றார்கள். முஹம்மது தம்பி கேட்கவில்லை.

"அறுத்தா கதை முடிஞ்சிடும். இது உசிரோட நிக்கட்டும். அவன் பள்ளிக்குப் போகக்குள்ள பாத்துக்கொண்டு போகட்டும்."

தினமும் எருமையைக் கொண்டுபோய், வெட்டுத் தெரியும்படி பள்ளிவாசலுக்குப் போகும் ஒழுங்கையில் கட்டினான். றுக்கியாவுக்கு அது பிடித்திருந்தது. திருகோணமலையிலிருந்து லோஞ்சில் வந்த மாட்டு டொக்டர் தைத்த தையல் நாலாம் நாள் பிரிந்துபோயிற்று. அதன்பின் தம்பியும் ராத்தாவுமே வைத்தியம் பார்த்தார்கள். வேப்பிலை அவித்த தண்ணீரில் கழுவுவார்கள். புழு கண்டால் அன்னமுன்னா இலைச் சாறு பிழிவார்கள். பிறகு மஞ்சளும் தேங்காய் எண்ணெயும். மேலே தோல் மூடினால் உள்ளே சீழ் கட்டும். திரும்பத் திறந்து, திரும்பக் கழுவுவார்கள்.

நோன்புப் பெருநாள் அன்று தொழுகை முடிந்து ஆளுக்காள் தழுவிக்கொண்டபோது, ஸைனுலாப்தீன் மச்சானுக்கு முன்னால் வந்து கையை நீட்டினான்.

"பொருந்திக்கொள்ளுங்க மச்சான்."

முஹம்மது தம்பி கையைப் பிடிக்கவில்லை. "மாட்டுக் காயம் பொருந்தட்டும். அன்டைக்கு நானும் பொருந்துறன்."

பெருநாள் கூட்டம் சிரித்தது. ஒரே சொல்லில் மன்னிப்பையும் புண்ணையும் சேர்த்துக் கட்டிய கெட்டித்தனத்தை ஊர் ஒரு மாதம் சொல்லித் திரிந்தது.

ஆனால் அதற்குப் பிறகு முஹம்மது தம்பி எருமையை ஒழுங்கையில் கட்டுவதை விட்டுவிட்டான். கொல்லையில் நிழலில் கட்டினான். ஈ மொய்க்காமல் இருக்கச் சாணப் புகை போட்டான். "இன்டைக்குக் காயம் கொஞ்சம் மூடிட்டு ராத்தா," என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு றுக்கியாவுக்குப் பிடிக்கவில்லை. நெஞ்சுவலி வருத்தத்தில் அவன் பாயோடு விழுந்த பிறகு மருந்து கட்டும் வேலை அவளிடம் வந்தது. அவள் ஒருநாளும் தவறவிடவில்லை. தொட்ட வேலையைக் குறையாகச் செய்வது அவர்கள் குடியில் இல்லை.

காயம் பொருந்திவிட்டது. தம்பி கடைசியாகக் கேட்ட அன்றைக்கு அது பொருந்தி மூன்று நாளாயிற்று.

தம்பியின் மையத்தை வடக்குத் தெற்காக வளர்த்தி வெள்ளை போர்த்தியதும் ஸைனுலாப்தீன் உள்ளே வந்தான். தங்கச்சியின் வீடு, அவனைத் தடுக்க ஒருவருக்கும் உரிமை இல்லை. அவன் கண்கள் சிவந்திருந்தன.

"லெப்பை, மச்சான் பெருநாளன்டைக்குச் சொன்ன சொல்லு உங்களுக்கு நினைவிருக்குத்தானே? நேத்து நான் வேலிக்கு மேலால பாத்தனான். மாட்டுக் காயம் பொருந்தித்தான் கிடக்கு. ராத்தாவுக்குக் கண் மங்கலாக்கும்."

"வேலிக்கு மேலால பாக்கிறது ஆர்ர குடியிட பழக்கமெண்டு இப்ப ஊருக்கு விளங்கும்," என்றாள் றுக்கியா.

"மையத்துக்கு முன்னால வேணாம், மதினி," என்றாள் ரபீக்கா. பிறகு அண்ணனைப் பார்த்தாள்.

லெப்பை தாடியைத் தடவினார். "சொல்லு சொல்லுதான். காயம் பொருந்தியிருந்தா, மையத்து பொருந்தினதெண்டு நான் சபையில சொல்லுவன். குளிப்பாட்டின பிறகு போய்ப் பாப்பம்."

ஆண்கள் குளிப்பாட்டும் மறைப்புக் கட்டப் போனார்கள். பெண்கள் கிணற்றடியில் தண்ணீர் அள்ளினார்கள். றுக்கியா குசினிக்குள்ளால் கொல்லைக்கு நடந்தாள்.

சுட்டி படுத்திருந்தது. அவளைக் கண்டதும் எழுந்து, பழக்கப்படி வலது பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது. தொடையில் ஒரு சாண் நீளத்துக்கு மயிரில்லாத இளஞ்சிவப்புத் தோல், மூடிய உதடு போல. றுக்கியா மாடு தேய்க்கும் தேங்காய்ப் பொச்சுமட்டையை எடுத்தாள். காயத்தின் நடுவில் வைத்து அழுத்தி, கீழே இழுத்தாள். இன்னொருமுறை இழுத்தாள். எருமையின் தோல் முழுவதும் ஒருமுறை சிலிர்த்தது. அது உதைக்கவில்லை. கழுத்தைத் திருப்பி அவளுடைய கையைப் பார்த்தது. மருந்து வரும் என்று நின்றது.

அவள் பொச்சுமட்டையை அடுப்பில் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, தம்பியின் பக்கத்தில் வந்து இருந்தாள்.

லெப்பையும் ஸைனுலாப்தீனும் மஹ்ரூபும் கொல்லைக்குப் போய் வர அதிக நேரம் எடுக்கவில்லை. லெப்பை ஒருவரையும் பார்க்காமல் சொன்னார்:

"பொருந்தல்ல. ரத்தம் வடியுது."

"நேத்துப் பாத்தனானே," என்றான் ஸைனுலாப்தீன். மருமகனின் தோளைத் தொட்டான். "மகன், நீயாவது சொல்லன்."

மஹ்ரூப் அழுதான். "அது வாப்பாட சொல்லு மாமா. நான் மாத்த ஏலாது."

றுக்கியா முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

ளுஹர் தொழுகைக்குப் பிறகு பள்ளியில் மஹ்ரூப் சபைக்கு முன்னால் நின்று, தன் வாப்பா யாருக்காவது சொல்லாலோ செயலாலோ வருத்தம் செய்திருந்தால் பொருந்திக்கொள்ளும்படி கேட்டானாம். எல்லாரும் வாய்க்குள் முணுமுணுத்தார்கள். கடைசி வரிசையில் நின்ற ஸைனுலாப்தீன் மட்டும் ஊர் கேட்கச் சொன்னானாம்: "நான் பொருந்திட்டன் மச்சான்." மையத்துச் சந்தூக்கைக் கபுறடி வரைக்கும் தோள் மாற்றாமல் சுமந்தவனும் அவன்தானாம். ஆண்கள் திரும்பிவந்து சொன்னபோது றுக்கியா கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை மருந்துச் சட்டியோடு கொல்லைக்குப் போனாள். எருமை வலது பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது. அவள் வேப்பந்தண்ணீரால் கழுவினாள்.

ஏழாம் நாள் கத்தம் ஓதுவதற்குப் பெண்கள் குசினியில் கூடினார்கள். புருஷனை இழந்த ரபீக்கா இத்தா இருக்கும் அறை அடுத்தது, இடையில் ஒரு சீலைத் திரை. ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அயல் வீட்டு ஸாலிஹா, ஊரில் உலவும் கதையைக் குரலைத் தாழ்த்தாமல் தாழ்த்திச் சொன்னாள்.

"மௌத்தாகிறதுக்கு முதல் நாள் அந்த மனிசன் எழும்பி வந்து, தன்ட கையாலேயே மாட்டுக் காயத்தைக் கிழிச்சுவிட்டவராமே. மச்சானைப் பொருந்த மனமில்லாம. வாயில்லாச் சீவன்டி அது. எப்படி மனம் வந்திருக்கும்? அப்படிப்பட்ட குடியாக்கும்."

தட்டிக்கொண்டிருந்த கைகள் நின்றன. திரைக்கு அப்பால் ரபீக்காவின் தஸ்பீஹ் மணிகளும் நின்றன.

றுக்கியா மாவுக் கையைச் சட்டியின் விளிம்பில் துடைத்தாள்.

"பொய்," என்றாள். "என்ட தம்பி எழும்பவும் இல்ல, கிழிக்கவும் இல்ல. அவன் மௌத்தான அன்டைக்குக் காயம் பொருந்தி மூணு நாள். கிழிச்சது நான்."