ஏட்டுக்கு வழி

காலில் மாட்டியிருந்த கண்காணிப்புப் பட்டையை மறைக்க அவன் காலுறையை மேலே இழுத்தபோது போன் அடித்தது. அவன் மனைவி அவர்களுடைய சலவைக்கடையில் யாருடைய கோட்டுக்கோ இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். இருவர் பார்வையும் கடிகாரத்துக்குப் போனது. சொந்த நாட்டுப் போலீஸ் வந்து அவனை அழைத்துப்போக இந்த ஊர் நீதிமன்றம் கொடுத்த கெடு இன்று மாலை ஐந்தோடு முடிகிறது. அதற்குள் வராவிட்டால் விடுதலை. "வாயை மூடிக்கிட்டு கடையில உக்காருங்க, போதும்" என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

லாரி ஓட்டிய காலத்தில், ஓர் இருட்டு வளைவில், சைக்கிளில் வந்த ஒருவரை இடித்துவிட்டு இறங்கிக்கூடப் பார்க்காமல் ஓடியவன் அவன். அவர் பிழைக்கவில்லை. இவன் கடல் தாண்டி வந்தும் தூக்கம் இவனோடு வரவில்லை. இன்று காலை சாமி படத்துக்கு முன் வெகுநேரம் நின்றான். என்ன கேட்பது என்றுதான் தெரியவில்லை.

போனை ஸ்பீக்கரில் போட்டான்.

"தம்பி, உங்கள கூட்டிட்டுப் போக வந்த ஏட்டு பேசுறேன். டாக்ஸிக்காரன் ஏதோ பாலத்துக்கிட்ட கொண்டாந்து நிறுத்திட்டான். நான் பேசறது அவனுக்குப் புரியல. என்கூட வந்த இன்ஸ்பெக்டரம்மா தலைசுத்தி வண்டிக்குள்ள படுத்துட்டாங்க. தூதரகத்துல யாரும் போன எடுக்கல. ஃபைல்ல உங்க நம்பர் இருந்துச்சு. உங்களப் பிடிக்க உங்ககிட்டயே வழி கேக்குறேன், வெக்கமாத்தான் இருக்கு."

பிறகு நீளமாக இருமினார். பின்னால் மழைச் சத்தம் கேட்டது. மனைவி, கட் பண்ணுங்க என்று சைகை காட்டினாள். அவன் விரலும் அங்கேதான் போனது.

"மழையிலயா நிக்கறீங்க?" என்று கேட்டுவிட்டான்.

"இப்படிக் குளிரும்னு யாரும் சொல்லல தம்பி." மறுபடி இருமல்.

மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். போனை அவன் கையிலிருந்து வாங்கினாள்.

"ஏட்டய்யா, டிரைவர்கிட்ட குடுங்க."

அந்த ஊர் பாஷையில், ஒவ்வொரு திருப்பமாகச் சொன்னாள். பிறகு ஏட்டிடம், "நேரா எங்க கடைக்கு வாங்க. போலீஸ் ஸ்டேஷன் எதிர்லதான் இருக்கு. துணி காய வெச்சுட்டு அஞ்சு மணிக்குள்ள எல்லாருமா அங்க போலாம்" என்றாள்.

அவன் அவளையே பார்த்தான்.

"என்ன பாக்கறீங்க? நம்ம ஊர் கோர்ட்ல போய் நின்னு பதில் சொல்லிட்டு வாங்க. அப்புறமாவது என் பக்கத்துல ஒரு ராத்திரி முழுசாத் தூங்குங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு துண்டுகளை எடுத்துச் சூடாக்கும் எந்திரத்தில் போட்டாள். அவன் நெஞ்சில் இத்தனை காலம் அழுத்திய ஏதோ ஒன்று இடம்விட்டு நகர்ந்தது.

தெருமுனையில் ஒரு டாக்ஸி திரும்பி, எந்தக் கடை என்று தெரியாமல் தயங்கியது. அவன் குடையை விரித்துக்கொண்டு மழையில் இறங்கி, இங்கேதான் என்று கையை உயர்த்தினான்.