மீதி வாங்காமல் இறங்கியவர்கள்

அப்பா இறந்து பதினெட்டு மணி நேரம் ஆகியிருந்தது. நான்கு மணி ஜெபத்தில் வாசிக்க வேண்டிய வாழ்க்கைக் குறிப்பில், அவர் வேலைக்குச் சேர்ந்த வருடத்தை ரெஜிலா இன்னும் தாண்டவில்லை. பெட்டி எடுக்குமுன் வீட்டில் ஒருவர் அதை எழுந்து நின்று வாசிப்பது சபை வழக்கம். "நீதான பி.எஸ்சி. படிச்சவ" என்று பேனாவை அவள் கையில் கொடுத்துவிட்டார்கள்.

முற்றத்துப் பந்தலில், ஐஸ் பெட்டிக்குள் யேசுரத்தினம் வெள்ளைச் சட்டையில் கிடந்தார். கண்ணாடியில் நீர் கோத்துக்கொண்டே இருந்தது. அம்மா பூங்கனி முந்தானையால் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"கண்டக்டர்னு எழுதிட்டியா மக்ளே?" முருகதாஸ் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அப்பாவின் பேருந்தை இருபது வருடம் ஓட்டியவர்.

"எழுதிட்டேன் மாமா. பத்திரிகையில எழுதினது அடுத்த வரி."

அந்த அடுத்த வரிதான் வரவில்லை. அப்பா பணத்தைப் பற்றி எழுதக் கற்றது பேருந்தில். சில்லறை இல்லாதபோது டிக்கெட்டின் பின்னால் மீதித் தொகையை எழுதிக் கொடுப்பார். கேட்கக் கூச்சப்பட்டு மீதி வாங்காமலே இறங்கிப் போகிறவர்களை இருபத்தெட்டு வருடம் பார்த்தார். ஆசையில் போகிற பணத்தைவிடக் கூச்சத்தில் போகிற பணம் அதிகம் என்பது அவர் கண்டுபிடிப்பு. ஓய்வு பெற்றபின் வார இதழில் அதைத்தான் வாரம் தவறாமல் எழுதினார். எங்கே போடு, எதை வாங்கு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஏமாந்த ஒருவரின் கதையைச் சொல்வார். 'என் நண்பர் ஒருவர்' என்று தொடங்கும். பெயர் இருக்காது. தொகை மட்டும் பைசா சுத்தமாக இருக்கும்.

"அந்த நாலு லட்சத்தையும் எழுதணும், கேட்டியா" என்றார் முருகதாஸ். "ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவன் தனக்க காசக் கொண்டு, ரெட்டிப்பாக்கித் தாறோம்னு சொன்ன போன் ஆப்புல கொட்டுனான். அதையும் 'நண்பர் ஒருவர்'னு எழுதினான் பாரு, கள்ளப்பய!" சிரித்துவிட்டுத் துண்டால் முகத்தை அழுத்திக்கொண்டார்.

"ரிட்டயர்மென்ட் காசாக்கும் அண்ணே" என்றாள் பூங்கனி. "என்னட்ட ஒரு வார்த்த கேக்கல்ல. மூணு மாசம் நான் பேசல்ல. சோத்த வச்சிட்டு அங்கோட்டுப் போயிருவேன்."

"அவன் என்ன செய்தான்?"

"தின்னுட்டு, தட்டக் கழுவி வச்சிட்டு, 'மீன்கறி கொள்ளாம், நல்ல ருசி'னு செவரப் பாத்துச் சொல்லுவாரு."

ரெஜிலா தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அப்பா தொலைத்த பணம் அல்ல. நான்கு வருடத்துக்கு முன், கணவன் ஜெனித் மஸ்கட்டில் இருந்தபோது, அவள் தன் நகைகளை அடகு வைத்து அந்த ஆப்பில் தொலைத்தது. அம்மாவுக்கும் தெரியாது, ஜெனித்துக்கும் தெரியாது.

அன்று மத்தியானம் வந்து நின்றவளிடம் அப்பா ஏன் என்று கேட்கவில்லை. "எவ்வளவு?" என்றார்.

"ரெண்டு லட்சம்."

பைக்குள் சில்லறை தேடும் பயணிக்குக் காத்திருப்பதுபோல அப்பா காத்திருந்தார்.

"நாலு லட்சத்து இருபதாயிரம்."

மறுநாளே பேங்கில் போட்டிருந்ததை உடைத்து நகையை மீட்டுத் தந்தார். அம்மாவிடம் தானே போட்டுத் தொலைத்ததாகச் சொன்னார். பிறகு ஒருநாள் கேட்டார்: "எழுதட்டா மக்ளே? பேரு வராது. தொகை வரும். தொகை இல்லேன்னா படிக்கவன் நம்ப மாட்டான்." அவள் தலையாட்டினாள். கட்டுரை வந்தபின், அந்த நண்பர் அவரேதான் என்று ஊர் கேலி செய்தது. "நான் உண்மையச் சொல்லிருதேன் அப்பா" என்று அழுதாள்.

"ஒனக்குத் தோணும்போ சொல்லு. டிக்கெட்டுக்குப் பொறத்த எழுதியிருக்கில்லா? எங்கயும் போவாது."

அவளுக்குத் தோன்றவே இல்லை.

காலையில்தான் வந்து இறங்கியிருந்த ஜெனித், தோளுக்குப் பின்னால் வந்து குனிந்தான். "அந்த ஆப் விசயம் மட்டும் எழுதாண்டாம். மாமாவுக்குன்னு ஒரு பேரு இருக்கு. மனுசனுக்கு ஒரு தடவ சறுக்காதா?" மெதுவாகத்தான் சொன்னான். விமானத்தில் அழுதிருப்பான், கண் வீங்கியிருந்தது. அவன் கொஞ்சம் கடுமையாகச் சொல்லியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

நான்கு மணிக்குப் போதகர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். ரெஜிலா எழுந்து மைக்கைப் பிடித்தாள். கல்லூரியில் வாய்மொழித் தேர்வுக்கே குரல் எழும்பாதவள். பிறந்த ஊர், திருமுழுக்கு, வேலை, திருமணம். எழுதிய கட்டுரைகள் முந்நூற்றுப் பன்னிரண்டு. ஒன்றில்கூட யாரையும் முட்டாள் என்று சொன்னதில்லை. தாள் அங்கே முடிந்தது.

அவள் உட்காரவில்லை. போதகர் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தவர், திரும்பி அவளைப் பார்த்தார். பந்தலில் யாரோ செருமினார்கள்.

"ஒரு வரி விட்டுப்போச்சு" என்றாள்.

ஜெனித் நிமிர்ந்து பார்த்தான். அவள் தொகையை முதலில் சொன்னாள். நாலு லட்சத்து இருபதாயிரம். எழுதச் சொன்ன முருகதாஸே இப்போது வேண்டாம் என்பதுபோலக் கையை அசைத்தார். கண்ணாடியின்மேல் அம்மாவின் முந்தானை பாதி வழியில் நின்றது. துடைக்காத பாதிக்குக் கீழே அப்பாவின் முகம் தெரியவில்லை.

"அத அப்பா தொலைக்கல்ல. அந்த நண்பர் நான்தான்."